வளைத்து முறிக்கும் நொதி: லைசோசைம் ஓர் அறிமுகம்

நொதிகளைப் பற்றிய பாடம் பள்ளிகளில் பெரும்பாலும் பூட்டும் சாவியும் என்ற ஒரே படத்தோடு முடிந்துவிடுகிறது. ஜெர்மானிய வேதியியலர் எமில் ஃபிஷர் 1894இல் முன்வைத்த உவமை அது. சர்க்கரைச் சேர்மங்களைப் பிளக்கும் நொதிகள் ஒரு வடிவச் சேர்மத்தை ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ அதைப் போலவே இருக்கும் இன்னொன்றைத் தொடாமல் விட்டுவிடுவதைக் கண்டு அவர் அப்படிச் சொன்னார். நொதி தனக்குரிய பொருளை எவ்வாறு இனங்காண்கிறது என்பதை அந்த உவமை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் இனங்கண்ட பொருளை அது எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பூட்டுக்குள் நுழைந்த சாவி நுழைந்தபடியே வெளியே வருகிறது, நொதிக்குள் நுழைந்த பொருளோ பிளந்தோ இணைந்தோ வேறொன்றாக வெளிவருகிறது. உவமை விட்டுச்சென்ற இந்த இடைவெளியை நிரப்பிக் காட்டுவதற்குக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் நிறைந்திருக்கும் லைசோசைமைப் போலப் பொருத்தமான நொதி வேறில்லை.

லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலினைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மூக்குச்சளி ஒரு வகை நுண்ணுயிரைக் கரைத்தழிப்பதைக் கண்டறிந்து 1922இல் வெளியிட்டார். கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றிலும் லைசோசைம் என்னும் இதே பொருள் இருப்பது தெரியவந்தது. பாக்டீரியாவின் செல்சுவர், என்-அசிட்டைல் குளுக்கோசமின், என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்னும் இரண்டு சர்க்கரை வகைகள் மாறிமாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலியின் குறிப்பிட்ட பிணைப்பை லைசோசைம் வெட்டிவிடுவதால், உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் செல் வெடித்துச் சிதறுகிறது. ஆயினும் லைசோசைம் எளிதில் அழிக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நோய் தராதவை என்பதால் மருத்துவ உலகம் இக்கண்டுபிடிப்பை அதிகம் பொருட்படுத்தவில்லை. அக்கால மருத்துவத்தின் பயன்நோக்கு சற்றே குறுகியது என்றுதான் சொல்லவேண்டும். ஏனெனில் கண்ணிலும் வாயிலும் எந்நேரமும் சுரக்கும் ஒரு காவலைக் கடந்துவர முடிந்த நுண்ணுயிர்களே நோய்க்கிருமிகளாக நிலைபெற்றிருக்கின்றன என்பது அந்த முடிவிலேயே அடங்கியிருந்தது. ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் ஃபுளோரிக்கும் எர்ன்ஸ்ட் செயினுக்கும் லைசோசைமின் மீது ஏற்பட்ட ஆர்வமே, நுண்ணுயிர்களை எதிர்க்கும் பிற இயற்கைப் பொருள்களைத் தேடவும், அவ்வழியே பெனிசிலினைக் கையிலெடுக்கவும் அவர்களைத் தூண்டியது.

கோழிமுட்டை லைசோசைம் 129 அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்த ஒற்றைச் சங்கிலி. அச்சங்கிலி எங்கெங்கு எந்தக் கோணத்தில் திரும்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பன் அணுவுக்கு இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகள் மட்டுமே தாராளமாகச் சுழலக்கூடியவை. அவற்றின் சுழற்சிக் கோணங்களிலும் பெரும்பாலானவை அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் காரணத்தால் இயலாதவையாகின்றன. எவை இயலும், எவை இயலா என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் ஆவர். 1963இல் வெளிவந்த அந்த வரைபடத்தைக் கொண்டே இன்றும் உலகெங்கும் புதிய புரத வடிவங்களின் சரி தவறு சோதிக்கப்படுகிறது. இந்த வரம்புகளுக்குள் மடிந்து ஆல்ஃபா சுருள்களாகவும் பீட்டா தகடுகளாகவும் அமையும் லைசோசைம் சங்கிலியை, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களின் கந்தக அணுக்கள் இணைந்து உண்டாக்கும் நான்கு டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கிப் பிடிக்கின்றன. அவற்றுள் ஒன்று 6ஆம் இடத்தையும் 127ஆம் இடத்தையும் சேர்த்து, சங்கிலியின் தலையையும் வாலையும் ஏறக்குறைய முடிச்சிட்டுவிடுகிறது.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிட் பிலிப்ஸ் தலைமையிலான குழு, எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறும் பாங்கைக் கணக்கிட்டு, 1965இல் லைசோசைமின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. நொதி ஒன்றின் அணுவமைப்பு மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டது அதுவே முதல்முறை. மூலக்கூறின் குறுக்கே ஓர் ஆழமான பிளவு ஓடுவதும், ஆறு சர்க்கரை வளையங்கள் வரிசையாகப் படுக்க அதில் இடமிருப்பதும் தெரிந்தன. மூன்று வளையங்கள் மட்டுமே கொண்ட குறுஞ்சங்கிலி ஒன்று வெட்டுப்படாமல் பிளவின் மேற்பகுதியில் தங்கிவிடுவதை லூயிஸ் ஜான்சனின் ஆய்வு காட்டியது. எஞ்சிய மூன்று வளையங்களை மாதிரியில் பொருத்திப் பார்த்தபோதுதான் விந்தை வெளிப்பட்டது. நான்காவது வளையம் தன் இயல்பான வடிவத்தில் அங்கே நுழையவில்லை. நாற்காலியைப் போல மடிந்திருக்கும் அவ்வளையம் தட்டையாகத் திரிந்தால் மட்டுமே அவ்விடத்தில் அமர முடிந்தது. வெட்டு விழும் இடமும் அந்த நான்காம் வளையத்துக்கும் ஐந்தாம் வளையத்துக்கும் இடையிலேயே இருந்தது. மாதிரியைக் கொண்டு ஊகித்த இத்திரிபை, 1991இல் கனடாவில் நடாலி ஸ்ட்ரினட்காவும் மைக்கேல் ஜேம்ஸும் படிகத்திலேயே கண்டு உறுதிசெய்தனர்.

சாவி பூட்டுக்குப் பொருந்தாமல் இருப்பதே இந்த நொதியின் திறமை என்பது முதலில் முரணாகத் தோன்றலாம். ஒரு பிணைப்பு முறிவதற்கு முன் மூலக்கூறு, முழுமையாகவும் இல்லாமல் முறிந்தும் போகாமல், ஆற்றல் மிகுந்த ஓர் இடைநிலையைக் கடந்தாக வேண்டும். அந்த மேட்டில் ஏறுவதற்கு ஆகும் ஆற்றலே வினையின் வேகத்தை முடிவுசெய்கிறது. நொதியின் பிளவு, வரும் பொருளுக்கு ஏற்ப அல்லாமல் இந்த இடைநிலைக்கு ஏற்பவே வடிவமைந்திருக்க வேண்டும் என்று லைனஸ் பாலிங் 1940களிலேயே கூறியிருந்தார். பொங்கல் கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பவரின் முழங்கால், நேரான கரும்போடு ஒரு புள்ளியில் மட்டுமே ஒட்டுகிறது. முறியும் தறுவாயில் வளைந்த கரும்போடுதான் அது நன்கு பொருந்துகிறது. முழங்கால் நேரான கரும்பின் வடிவத்துக்கே அமைந்த ஒரு தொட்டியாக இருந்தால் கரும்பு அதில் சுகமாகக் கிடக்குமே தவிர முறியாது. வரும் பொருளை அப்படியே கச்சிதமாகப் பற்றிக்கொள்ளும் நொதியும் அதனைப் பாதுகாக்குமே ஒழிய மாற்றாது.

வளைத்தபின் வெட்டுவதற்கு இரண்டு அமினோ அமிலங்கள் பிளவின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கின்றன: 35ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலமும் 52ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலமும். சங்கிலி வரிசையில் தள்ளியிருக்கும் இவ்விரண்டையும் மடிப்பே நேருக்குநேர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இரண்டின் நுனியிலும் இருப்பது ஒரே கார்பாக்சில் தொகுதிதான், ஆயினும் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. குளூட்டாமிக் அமிலத்தைச் சுற்றி நீரை விரும்பாத பக்கத் தொகுதிகள் சூழ்ந்திருப்பதால் அது தன் புரோட்டானை எளிதில் இழக்காமல் வைத்துக்கொண்டு, தக்க நேரத்தில் இரு சர்க்கரைகளுக்கும் இடையிலுள்ள ஆக்சிஜனுக்கு வழங்கிப் பிணைப்பை அறுக்கிறது. ஆஸ்பார்டிக் அமிலத்தின் சுற்றமோ வேறு. அது புரோட்டானை முன்னரே இழந்து எதிர்மின் சுமையுடன் நின்று, அறுபடும் சர்க்கரையில் உண்டாகும் நேர்மின் சுமையை எதிர்கொள்கிறது. ஓர் அமினோ அமிலத்தின் குணம் அதன் சொந்த வாய்ப்பாட்டில் மட்டும் இல்லை, அது எந்தச் சூழலில் அமர்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இருபது அமினோ அமிலங்களின் பெயர்களை ஒப்பித்தால் போதும் என்று மாணவரைப் பழக்கும் முறை இந்த அழகை முற்றாக மறைத்துவிடுகிறது. புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் டப்பாவில் விற்கும் மாவும் மட்டுமே நினைவுக்கு வருவதற்கும், உயிரின் ஒவ்வொரு வினையையும் நடத்தும் பொறிகள் அவை என்ற எண்ணம் எழாமல் போவதற்கும் அம்முறைக்குப் பெரும்பங்கு உண்டு.

இத்தனை நுட்பம் இருந்தும் லைசோசைம் விரைவான நொதி அன்று. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்குப் பல லட்சம் மூலக்கூறுகளை மாற்றும்போது, லைசோசைம் இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு என்ற அளவிலேயே இயங்குகிறது.

பிலிப்ஸ் வரைந்த வழிமுறையில், அறுபட்ட சர்க்கரை நேர்மின் சுமையோடு தனித்து நிற்க, ஆஸ்பார்டிக் அமிலம் அதைத் தொடாமல் அருகிருந்து தாங்குவதாகவே கருதப்பட்டது. அவ்விளக்கம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உயிர்வேதியியல் நூல்களில் நிலைத்திருந்தது. 2001இல் ஸ்டீபன் விதர்ஸ், கிடியன் டேவிஸ், டேவிட் வொகாட்லோ ஆகியோர் அடங்கிய குழு, அறுபட்ட சர்க்கரை நொதியிலிருந்து விடுபடும் இரண்டாம் கட்டம் மிக மெதுவாக நடக்கும்படி ஃபுளோரின் அணு சேர்த்த சர்க்கரையை நொதிக்குக் கொடுத்துப் பார்த்தது. இடையில் சிக்கி நின்ற நொதியின் நிறையை அளந்தபோது சர்க்கரையின் எடையும் அதில் சேர்ந்திருந்தது; படிகத்திலோ 52ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் சர்க்கரையின் கார்பனோடு உண்மையான வேதிப் பிணைப்பால் இணைந்திருந்தது. பின்னர் ஒரு நீர் மூலக்கூறு வந்து அப்பிணைப்பை விடுவித்த பிறகே நொதி அடுத்த சங்கிலியை ஏற்கும் நிலைக்குத் திரும்புகிறது.