மஞ்சள் விளக்கு எரிந்தால் பாகம் மாற்ற வேண்டுமா?

காய்கறி, பால் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வேன் இன்று பல விவசாயிகளிடம் உள்ளது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும் பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்து, விலை உயர்ந்த பாகத்தை மாற்றச் சொல்வதுண்டு. மாற்றிய பிறகும் விளக்கு அணையாமல் இருப்பதும் உண்டு.

குறி எண் சொல்வது என்ன?

சென்சார்கள் அனுப்பும் அளவுகளை வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் கவனித்து வருகிறது. அளவு வரம்பை மீறினால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியைப் பதிவு செய்கிறது. எஞ்சின் கோளாறுகளின் குறி 'பி' என்று தொடங்கும். அடுத்த இலக்கம் 0 ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி; 1 ஆனால் அந்த நிறுவனத்தின் தனிக் குறி.

குறி காட்டுவது நோயின் அறிகுறியை. கெட்டுப்போன பாகத்தை அல்ல. இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவா, நீர் தேங்கியதா, வேரழுகலா என்று பார்த்த பிறகுதானே உரமோ மருந்தோ வாங்குகிறோம்? இதுவும் அப்படித்தான்.

ஓர் உதாரணம்

டீசல் வண்டியில் பி0087 வந்தால் 'எரிபொருள் அழுத்தம் குறைவு' என்று பொருள். பம்பு கெட்டது என்று பொருளல்ல. செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்:

1. டீசல் பில்டர் அடைத்துள்ளதா? அதில் தண்ணீர் சேர்ந்துள்ளதா?

2. டாங்கிலிருந்து வரும் குழாய் தளர்ந்து காற்று இழுக்கிறதா?

3. சென்சார் ஒயரை எலி கடித்துள்ளதா? இணைப்பில் ஈரம், துரு உண்டா?

இவை சரியாக இருந்தால் மட்டுமே பம்பையும் இன்ஜெக்டரையும் சோதிக்கச் சொல்லலாம்.

எச்சரிக்கை

எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தக் கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் செல்லும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

குறியை அழிக்கும் முன் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு பாரம், மேடா சமதளமா, எஞ்சின் சூடா என்பதையும் குறித்து வையுங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் பதிவு அழிந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். பாகத்தை மாற்றச் சொன்னால், "எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.