கறுப்பைப் பார்த்து டிவி வாங்குங்கள்

டிவி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?", அடுத்தது "4கே தானே?". கடைக்காரரும் அந்த இரண்டுக்கும் பதில் சொல்லியே பழகிவிட்டார். இருட்டுக் காட்சியில் இந்தத் திரை எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று கேட்பவர் அபூர்வம். குறைந்த விலையில் நல்ல படம் வேண்டுமென்றால் கேட்கவேண்டியது அதைத்தான்.

'எல்இடி டிவி' என்று விற்கப்படுவது உண்மையில் எல்சிடிதான். எல்இடி, பின்னால் எரியும் விளக்கு மட்டுமே. படத்தை உருவாக்குவது அதற்கு முன்னால் உள்ள திரவப் படிகம். 1888-ல் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை ஆராயும்போது கண்ட விசித்திரம் அது. திரவப் படிகம் தானாக ஒளிராது. மின்னழுத்தத்துக்கேற்பத் திரும்பி, பின்விளக்கின் ஒளியை ஜன்னல் கதவு போல விடும், தடுக்கும். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். ராத்திரிக் காட்சியில் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் தெரிவது அதனால்தான். 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் பிக்சர் ட்யூப் டிவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிக்சர் ட்யூபில் எலக்ட்ரான் படாத இடம் ஒளிராது, அவ்வளவுதான்.

எல்சிடி பேனலில் முக்கியமாக இரண்டு வகை: விஏ, ஐபிஎஸ். ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் சுமார் 1000-க்கு 1. விஏ-வில் 3000, 4000 என்று போகும். விளக்கை அணைத்துவிட்டு நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு விஏ தரும் கறுப்பே தனி. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் நிறம் வெளுக்கும். பாயில் நாலு பேர், ஓரத்து நாற்காலியில் தாத்தா, சமையலறை வாசலில் நின்றபடி அம்மா என்று பார்க்கும் ஹாலுக்கு ஐபிஎஸ் பொருத்தம். எந்தப் பேனல் என்பது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. ஒரே மாடலின் 43 இன்ச்சில் ஒன்றும் 55 இன்ச்சில் வேறொன்றும் இருப்பதுண்டு. ஆகவே திரையின் ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள். முகங்கள் வெளுத்தால் அநேகமாக விஏ.

க்யூஎல்இடி என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அதுவும் எல்சிடிதான். பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் பதித்த ஒரு படலம் கூடுதல். அந்தப் புள்ளிகளுக்காக 2023-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது உண்மை. சிவப்பும் பச்சையும் தூய்மையாகத் தெரிவதும் உண்மை. கறுப்புக்கு அவற்றால் லாபமில்லை. கறுப்பை மேம்படுத்துவது 'லோக்கல் டிம்மிங்', அதாவது இருட்டான பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கவைக்கும் வசதி. மினி எல்இடி டிவிகளில் இந்தப் பகுதிகள் பொடிப்பொடியாக, நிறைய இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடிதான் உச்சம். விலையும் உச்சம்.

இனி 4கே. அதில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் சுமார் 21 லட்சம். ஆனால் 43 இன்ச் திரையை ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், ஃபுல் எச்டியின் புள்ளிகளையே சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடியாது. கேபிளில் வரும் சாதாரண எஸ்டி சேனல் 720-க்கு 576 தான். 4கே திரை அதன் ஒவ்வொரு புள்ளியையும் இருபதாகப் பெருக்கி நிரப்பவேண்டும். மலிவு டிவியின் சிப் அதில் தடுமாறும். வீட்டில் ஓடுவது பெரும்பாலும் எஸ்டி சீரியல் என்றால் பெரிய 4கே திரை படத்தைக் கெடுத்துத்தான் காட்டும்.

பளிச்சிடும் ஒளியையும் ஆழ்ந்த இருட்டையும் ஒருங்கே காட்டுவதாகச் சொல்லும் எச்டிஆர் முத்திரையும் அப்படியே. பல எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ் ஒளியை மனதில் வைத்துத் தயாராகின்றன. மலிவு டிவிகள் 300 நிட்ஸை ஒட்டியே நின்றுவிடும். சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஒளியைக் காட்டாது.

ஆண்ட்ராய்டு, ரேம் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கட்சி. அவை பழசானால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். பேனலை மாற்ற முடியாது.

கடையில் ஓடும் டெமோவை நம்பாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தை வெல்ல எல்லா டிவியையும் 'விவிட்' மோடில் வைத்து, பூவும் கிளியும் காட்டுவார்கள். பென்டிரைவில் ஓர் இருட்டுக் காட்சியைக் கொண்டுபோய், 'சினிமா' மோடுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளிக்கும் கடையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் அதே மோடில் வைத்து, 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவைச் சீரியல் மாதிரி வழுக்கவைப்பது அதுதான். 2018-ல் டாம் க்ரூஸே இதை அணைக்கச் சொல்லி வீடியோ வெளியிட்டார். 'சினிமா' மோடில் முதல் இரண்டு நாள் படம் மஞ்சளடித்தது போலிருக்கும். பொறுங்கள், கண் பழகிவிடும். படம் எடுத்தவர்கள் ஸ்டூடியோவில் வைத்துப் பார்க்கும் வெள்ளை 6500 கெல்வின். 'சினிமா' மோடு காட்டுவது ஏறக்குறைய அதைத்தான்.