டெல்லி வெயிலுக்கு ஒரு டெவலப்பர்

மே மாதப் பிற்பகலில் டெல்லியின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கை வைத்தால் சுடும். ஜனவரி விடியலில் அதே குழாய் விரல்களை விறைக்க வைக்கும். கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவும் கையேடுகளோ பெரும்பாலும் ஒரே வெப்பநிலையை வைத்தே பேசுகின்றன: 20 டிகிரி செல்சியஸ். ஆண்டின் பெரும்பகுதி டெல்லிக் குழாயில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. டெவலப்பரை வீட்டிலேயே கலந்துகொள்பவருக்கு இந்த ஊரில் கூடுதல் வசதி இருப்பது இதனால்தான். பருவத்துக்கு ஏற்றபடி கரைசலையே அவர் மாற்றிக்கொள்ளலாம்.

பிலிமில் ஒளி பட்டதும் வெள்ளி உப்புப் படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. இந்தச் சுவடு கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் எலக்ட்ரான்களைக் கொடுத்து, அப்படிச் சுவடு விழுந்த படிகங்களை முழுக்க வெள்ளியாக்குகிறது. ஒளி படாத படிகங்களைப் பின்னர் ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் கரைசல் கரைத்து நீக்குகிறது.

இந்த வேலைக்கு உலகமெங்கும் அளவுகோலாக நிற்பது கோடாக் நிறுவனம் 1927இல் வெளியிட்ட டி-76. சூத்திரத்தில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். படிகத்தோடு நேரடியாக வினைபுரிவது மெட்டால். அது செலவாகும்போது ஹைட்ரோகுவினோன் அதை மீட்டுத் தருகிறது. சல்பைட் காற்றிலுள்ள ஆக்சிஜனிடமிருந்து இரண்டையும் காக்கிறது. வெண்காரத்தின் மென்மையான காரத்தன்மை வினையை நடத்துகிறது.

கலக்கும் வரிசை முக்கியம். 50 டிகிரி வெந்நீர் முக்கால் லிட்டரில் முதலில் ஒரு சிட்டிகை சல்பைட் மட்டும், அடுத்து மெட்டால். மெட்டால் முழுக்கக் கரைந்த பிறகே மீதி சல்பைட்டைப் போட வேண்டும். சல்பைட் அடர்ந்த நீரில் மெட்டால் கரையாது, வெள்ளைத் துகளாகத் தங்கிவிடும். பிறகு ஹைட்ரோகுவினோன், வெண்காரம், கடைசியாக ஒரு லிட்டர் வரை தண்ணீர். உப்பு அதிகமுள்ள நிலத்தடி நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் சல்பைட்டோடு சேர்ந்து படிவாக இறங்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

இனி கோடை. வெப்பம் ஏறினால் வினை வேகம் பிடிக்கும். 20 டிகிரியில் 10 நிமிடம் பிடிக்கும் பிலிமுக்கு 24 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிடம் போதும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வர வாய்ப்பு உண்டு. டி-76இல் சம அளவு தண்ணீர் கலந்தால் நேரம் நீளும். வேகத்தைவிடப் பெரிய ஆபத்து, பிலிமில் படிகங்களைத் தாங்கும் ஜெலட்டின் படலத்துக்கு. சூட்டில் அது ஊறி, தளர்ந்து, ஓரத்தில் பிலிமை விட்டே உரிந்துவிடும். வெப்பநாடுகளுக்கென்று கோடாக் தந்த டிகே-15 சூத்திரத்தில் லிட்டருக்கு 45 கிராம் சோடியம் சல்பேட் சேர்ந்தது இதற்காகத்தான். கரைந்த உப்பு, ஜெலட்டினுக்குள் தண்ணீர் அளவுமீறிப் புகாமல் தடுக்கிறது.

குளிர்காலச் சிக்கல் நேர்மாறானது. 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுவினோன் கிட்டத்தட்ட முடங்கிவிடும், மெட்டால் அப்படி முடங்காது. மெட்டால் 7.5 கிராம், சல்பைட் 100 கிராம் என்று இரண்டே பொருளில் அமைந்த டி-23 அப்போது கைகொடுக்கும். நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதும்.

1942இல் டெல்லிக்கு வந்த புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா, 1947 ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் கொடியேறியதைப் படமெடுத்தார். அந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் நகரில் எடுக்கப்பட்ட கறுப்பு-வெள்ளைப் படங்களெல்லாம் இப்படியொரு கரைசலைக் கடந்தே நம்மிடம் வந்திருக்கின்றன. 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. சூத்திரங்கள் இருக்கின்றன. பழைய டெல்லியின் திலக் பஜாரில் ரசாயனக் கடைகளும் இருக்கின்றன.

மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும், ஹைட்ரோகுவினோன் நச்சு. கையுறையும் முகக்கவசமும் அவசியம், சமையல் பாத்திரம் கூடாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது.

மேல்நிலைப் பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் கரும்பலகைச் சமன்பாடாகவே முடிந்துபோகின்றன. ஒரு தராசு, இரண்டு பொருள், ஆசிரியரின் மேற்பார்வை இருந்தால் டி-23ஐ மாணவர்களே கலந்து, தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே வரவழைக்கலாம். டெல்லியின் தமிழ்ப் பள்ளிகள் இதைத் தொடங்கி வைக்கலாம்.