பிள்ளையை இழந்தவர் முன் நாம் எப்படி அமர்வது?

"எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா இருக்கிறார். உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் பிள்ளையை இழந்தவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்ன பேசுவது மௌலவி?" என்று ஒரு சகோதரி நம்மிடம் கேட்டார். இந்தத் தயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் கொல்லப்பட்டவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள். கொன்றவன் நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லியே கொன்றான். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்கிறது அல்குர்ஆன் (5:32). ஒருவரின் பாவச் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்றும் சொல்கிறது (6:164). ஆகவே அந்தச் சகோதரி வெட்கப்பட வேண்டியதில்லை. அதேநேரம், 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்' என்று வாதாடுவதற்கான இடமும் அந்தத் தாயின் வீடு அல்ல. அங்கே பேசப்பட வேண்டியது அவருடைய பிள்ளையைப் பற்றி; நம்மைப் பற்றியல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முஸ்லிமல்லாதவருக்கு ஆறுதல் சொல்லும் முறையை இமாம் நவவி (ரஹ்) தமது 'அல்அத்கார்' நூலில் குறிப்பிடுகிறார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள்.

கப்ரருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பொறுமையாக இருக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். அவர்களை யாரென்று அறியாத அப்பெண், எனக்கு வந்த துன்பம் உமக்கு வரவில்லை, விலகிப் போய்விடும் என்றார். நபியவர்கள் கோபப்படவில்லை, தம்மை யாரென்று சொல்லி வாதிடவுமில்லை. தம் ஏழு பிள்ளைகளில் ஆறு பேரைத் தம் வாழ்நாளிலேயே இழந்தவர்கள் அவர்கள். துக்கத்தில் இருப்பவர் நம்மிடம் கடிந்து பேசினால் நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். அவர் பேசினால் கேட்போம். அழுதால் அருகில் இருப்போம். 'எப்படி நடந்தது?' என்று கிளற வேண்டாம். மூன்று நாட்களுக்குப் பின் தஃஸியத் சொல்வதை ஃபுகஹாக்கள் வெறுத்ததும் துக்கம் புதுப்பிக்கப்படும் என்பதால்தான். 'எல்லாம் இறைவன் நாட்டம்' என்று சட்டென முடித்துவிடவும் வேண்டாம். கத்ரை நம்புகிறோம், ஆனால் அது கொலைகாரனின் குற்றத்தைக் குறைத்துவிடாது. ஜஃபர் (ரழி) ஷஹீதானபோது அவர்களது குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டோடு போவதும் ஆறுதல்தான்.

இந்த வேதனை நமக்குப் புதிதல்ல. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். இதை அந்தத் தாயிடம் சொல்லிக் கணக்குப் பார்க்கக் கூடாது. நமக்குள் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம்: அன்று பிள்ளையை இழந்த உம்மாவும் வாப்பாவும், வாசலுக்கு வந்த அயலவரிடம் எதை எதிர்பார்த்திருப்பார்கள்? விளக்கத்தையா? 'உங்கள் மகன் எப்படிப்பட்ட பிள்ளை?' என்று கேட்டு, பக்கத்தில் அமர்ந்திருப்பதையா?

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்னதும் அதுதான்: போங்கள், பக்கத்தில் அமருங்கள். வருடங்கள் கடந்துவிட்டனவே என்று தயங்க வேண்டாம். அந்தத் தாய் தன் பிள்ளையை இன்னும் மறக்கவில்லை.