டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு காலிக் கட்டம்: ராணுவப் பதிவேட்டைத் திருத்துவது எப்படி?

இன்னைக்கு எபிசோடு ஒரு இரும்புப் பெட்டியில இருந்து ஆரம்பிக்குது. கறுப்பு பெயின்ட் அடிச்ச ட்ரங்க் பெட்டி. மூடி மேல வெள்ளை எழுத்துல ஒரு நம்பர், ஒரு பேர். பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தவங்க வீட்ல பெரும்பாலும் இப்படி ஒண்ணு இருக்கும். எங்க குடும்பத்துல அது ஜேடர்பாளையத்துல, பெரியப்பா கட்டிலுக்கு அடியில இருக்கு.

ஜேடர்பாளையம் தெரியாதவங்களுக்காக: நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக் கரை. படுகை அணை, ராஜா வாய்க்கால், கரும்பு, வெல்லம். லீவு நாள்ல அணையில குளிச்சிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுப் போற கூட்டம் நிறைய. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடிப் பதினெட்டுக்கு நானும் சென்னையில இருந்து அப்படித்தான் போனேன்.

பெரியப்பாவோட பென்ஷன் ஸ்பர்ஷ் தளத்துக்கு மாறியிருந்துச்சு. பாதுகாப்புத் துறையோட ஆன்லைன் ஓய்வூதிய அமைப்பு அது. "கண்ணு, அந்த போன்ல என்னமோ பண்ணணுமாம், பாரு"ன்னார். விவரம் சரிபார்க்கப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் புக் இருந்துச்சு. அதுக்குக் கீழ, ஒரு பழைய கர்ச்சீப்ல சுத்தின வட்டமான மெடல்.

"இது என்னதுங்க பெரியப்பா?"

"எழுவத்தொண்ணு சண்டைக்குக் குடுத்தது கண்ணு."

சங்க்ராம் மெடல். 1971 டிசம்பர் 3-ல ஆரம்பிச்ச இந்தியா-பாகிஸ்தான் போரை ஒட்டி, எல்லை மாநிலங்கள்ல பணியில இருந்தவங்களுக்குக் கொடுத்த பதக்கம். பெரியப்பா அப்போ பஞ்சாப்ல ராணுவ லாரி ஓட்டிட்டு இருந்தார். மெடலோட விளிம்புல பொடி எழுத்துல அவரோட நம்பரும் பேரும் பொறிச்சிருக்கு. ஆனா டிஸ்சார்ஜ் புக்ல பதக்கங்கள் எழுதுற இடத்துல சங்க்ராம் மெடல் இல்ல. அடுத்து, படிச்ச கோர்ஸ்கள் எழுதுற கட்டம். அங்க ஒரு கோடு மட்டும் கிழிச்சிருந்துச்சு.

"மெக்கானிக் கோர்ஸ் முடிச்சேன்னு சொல்வீங்களே, அது இதுல இல்லீங்களே?"

"இல்ல கண்ணு. போச்சாது உடு."

அன்னைக்கு ராத்திரி பெரியம்மாதான் சொன்னாங்க. பெரியப்பா 1985-ல ஓய்வு பெற்று வந்தார். அடுத்த வருஷமே பணிமனை மெக்கானிக் வேலை ஒண்ணுக்கு நேர்காணல். முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டுல கூப்பிட்டிருந்தாங்க. "பயிற்சி எடுத்ததுக்கு புக்ல பதிவு எங்க?"ன்னு கேட்டிருக்காங்க. கோடுதான் இருந்துச்சு. திரும்பி வந்துட்டார். அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல நாமக்கல் லாரியில வடக்க போய் வந்துட்டு இருந்தார். இதை எங்க யார்கிட்டயும் அவர் சொன்னதில்ல.

அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு தேடப் போனதுலதான் இன்னைக்குச் சொல்லப்போற எல்லாத்தையும் கத்துக்கிட்டேன்.

பெட்டியில இருக்கிறது பதிவேடு இல்ல

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இது. மெடல், குரூப் போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் ஆதாரங்கள்தான். பதிவேடுங்கிறது வேற.

ஒரு சிப்பாய் வாழ்க்கையில எது நடந்தாலும், அதாவது பதவி உயர்வு, கோர்ஸ் பாஸ், பதக்கம், கல்யாணம், குழந்தை பிறப்பு எதுவானாலும், அவர் யூனிட் ஆபீஸ் ஒரு ஆணை வெளியிடணும். அதுக்குப் பேரு 'பார்ட் டூ ஆர்டர்'. அது அந்தப் படைப்பிரிவோட ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். அங்க அவர் பேர்ல 'ஷீட் ரோல்'னு ஒரு ஆவணம் இருக்கும். அதுல ஏத்துவாங்க. ஓய்வு பெறும்போது, அந்த விவரங்களைப் பார்த்து டிஸ்சார்ஜ் புக்கை எழுதிக் கொடுப்பாங்க.

இந்தச் சங்கிலியில எங்க வேணும்னாலும் அறுபடலாம். ஆணை வெளியிடாமலே விட்டிருக்கலாம். வெளியிட்டும் ஷீட் ரோல்ல ஏறாம இருக்கலாம். ஷீட் ரோல்ல இருந்தும் புக்ல எழுத விட்டுப்போயிருக்கலாம். இல்லன்னா வேற ஒருத்தர் கணக்குல ஏறியிருக்கலாம்.

கடைசியா சொன்னது நம்ம ஊர்க்காரங்களுக்கு நடக்க வாய்ப்பு அதிகம். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேர், அவ்வளவுதான். பெரியப்பா யூனிட்ல அதே இனிஷியல், அதே பேர்ல இன்னொருத்தர் இருந்திருக்கார். அவங்களைப் பிரிச்சுக் காட்டினது நம்பர் மட்டும்தான். கையால எழுதுற காலத்துல ஒரு இலக்கம் மாறினா போதும்.

எங்க கேட்கணும்?

டெல்லிக்கு எழுதணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜே.சி.ஓ. இவங்களோட பதிவு அந்தந்தப் படைப்பிரிவோட ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். இ.எம்.இ.க்கு செகந்திராபாத். விமானப் படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை.

அங்க எழுதுறதுக்கு முன்னாடி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. விண்ணப்பத்தைச் சரிபார்த்து, கடிதத்தோட அனுப்பி வைப்பாங்க. சும்மா நீங்களா எழுதுற கடிதத்தை விட அதுக்கு மதிப்பு அதிகம்.

நாங்க செஞ்சது

முதல்ல திருத்தம் கேட்கல. அவங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டோம். அதுக்கு ஆர்.டி.ஐ. போதும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், பெரியப்பா கையெழுத்து, 'என் ஷீட் ரோல் நகல், பதக்கம் மற்றும் பயிற்சி தொடர்பான பார்ட் டூ ஆர்டர் நகல்'னு தெளிவா ரெண்டே கேள்வி. சட்டப்படி 30 நாள்ல பதில் வரணும்.

இங்க ஒரு விஷயம். ஆர்.டி.ஐ. எதையும் திருத்தாது. இருக்கிறதைக் காட்டும், இல்லாததை 'இல்ல'ன்னு எழுத்துல சொல்லும். அந்த 'இல்ல'வும் பின்னாடி உதவும்.

எங்களுக்கு வந்த பதில் பாதி சந்தோஷம். சங்க்ராம் மெடலுக்கான ஆணை அவரோட சரியான நம்பர்ல அப்படியே இருந்துச்சு. புக் எழுதினப்போ விட்டுப்போயிருக்கு. கோர்ஸுக்கு எந்தப் பதிவும் இல்ல.

ஆணை நகல், மெடல் விளிம்போட போட்டோ, டிஸ்சார்ஜ் புக் நகல் மூணையும் வச்சு நல அலுவலகம் வழியா விண்ணப்பிச்சோம். கேட்டதுக்கு அப்புறம்தான் அசல் புக்கை அனுப்பினோம், அதுவும் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வச்சுட்டு, பதிவுத் தபால்ல. ஏழு மாசம் கழிச்சு, மெடலைச் சேர்த்து, முத்திரை வச்சு, கையெழுத்தோட புக் திரும்பி வந்துச்சு.

கோர்ஸ் கதை வேற. பயிற்சி நடந்த மையத்துக்கும் எழுதினோம். அந்த வருஷத்து ரிசல்ட் தாள் இப்போ இல்லன்னு பதில். சர்டிபிகேட் பெட்டியில இல்ல. பெரியப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் முகம், பிரிச்சுப் பழகின என்ஜின், எல்லாம் ஞாபகம் இருக்கு. ஞாபகத்தை வச்சு ஆணை போட முடியாதே. அந்தக் கோடு இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு.

இதனால என்ன கிடைக்கும்?

நேர்மையா சொல்லணும்னா, சங்க்ராம் மாதிரியான போர்ப் பதக்கத்துக்கு மாசாமாசம் பணம் வராது. வீரச் செயலுக்கான விருதுகளுக்கு வரும். 2017 ஆகஸ்ட்ல உயர்த்தினபடி பரம் வீர் சக்ராவுக்கு மாசம் 20,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 ரூபாய். அந்த விருது பதிவுல விட்டுப்போயிருந்தா அந்தப் பணமும் சிக்கல்தான்.

பயிற்சிப் பதிவு இன்னும் முக்கியம். ராணுவத்துல ஒவ்வொரு தொழிற்பிரிவும் ஒரு 'குரூப்'ல வரும். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்துல பதவி, குரூப், சேவை ஆண்டு இந்த மூணையும் வச்சுத்தான் சிப்பாய்களோட தொகையை முடிவு பண்றாங்க. குரூப் தப்பா ஏறியிருந்தா ஒவ்வொரு மாசமும் குறையும். வேலைக்குப் போறவங்களுக்கும் அப்படித்தான். மத்திய அரசு குரூப் சி பணிகள்ல முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஆனா ராணுவத் தொழிலுக்குச் சமமான சிவில் தொழில் எதுன்னு காட்டப் பதிவு வேணும். சமீபத்துல ஓய்வு பெற்ற அண்ணனோ அக்காவோ உங்க வீட்ல இருந்தா, இதை இந்த வாரமே பாருங்க.

ஜெனரலுக்கும் நடந்தது

'படிக்காத சிப்பாய்க்குத்தான் இப்படி'ன்னு தோணலாம். ஜெனரல் வி.கே. சிங் ராணுவத் தலைமைத் தளபதியாவே இருந்தவர். அவருக்கு ராணுவத்துல ரெண்டு பிறந்த வருஷம் இருந்துச்சு. ஒரு கிளையோட பதிவுல 10 மே 1951, இன்னொரு கிளையோட பதிவுல 10 மே 1950. பள்ளிச் சான்றிதழ்ல 1951. தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பிச்ச படிவத்துல 1950. பள்ளிக்கூடப் பையனா நிரப்பின படிவம், நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அவரைத் துரத்துச்சு. பதவியில இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் போனார். 2012 பிப்ரவரி 10-ம் தேதி மனுவைத் திரும்பப் பெற்றுக்கிட்டார். அந்த மே மாசமே ஓய்வு.

அமெரிக்காவுல வேற மாதிரி. 1973 ஜூலை 12-ல செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்துல தீ. ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேல கோப்புகள் எரிஞ்சு போச்சு. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் வீரர்கள் பலருக்குச் சேவை செஞ்சதுக்கே சாட்சி தேட வேண்டிய நிலை. ஆனா அங்க பதிவைத் திருத்தறதுக்குன்னே 1946-ல் வந்த சட்டத்தின்படி தனி வாரியங்கள் இருக்கு.

நமக்கு அப்படித் தனி வாரியம் இல்ல. ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தா, அடுத்த கதவு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் வருஷச் சட்டத்துல வந்தது, சென்னையிலயே ஒரு அமர்வு இருக்கு. இறுதி பதில் வந்த 6 மாசத்துக்குள்ள போகணும். தாமதமானா காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம்.

நம்ம ஊர்ல தீ இல்லாமலும் கோப்பு காணாமப் போகும். ஓய்வூதியம் இல்லாம வெளிய வந்தவங்களோட சேவை ஆவணங்களை 25 வருஷம் கழிச்சு அழிச்சுடலாம்னு விதியே இருக்கு. தாத்தா இருக்கும்போது கேட்டா கையெழுத்துப் போட ஆள் இருக்கு. அப்புறம் கேட்டா அதுவும் இல்ல.

பெரியம்மா பேர்

நாங்க தேடாமலே கண்டுபிடிச்சது ஒண்ணு. வந்த நகல்ல பெரியம்மா பேர் 'அம்மாள்'னு முடியுது. ஆதார்ல 'ஆயி'ன்னு முடியுது. கொங்குப் பக்கம் ரெண்டும் ஒரே ஆள்தான்னு ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம்னு வந்து நிக்கும்போது, அந்த வயசுல பெரியம்மா 'நான்தான் அவர் சம்சாரம்'னு நிரூபிக்க அலையணும். உறுதிமொழிப் பத்திரம், அடையாள ஆவணங்கள் வச்சு அதையும் திருத்தினோம். பெரியப்பா உயிரோட இருந்து கையெழுத்துப் போட்டதால சுலபமா முடிஞ்சுது.

அதனால உங்க வீட்ல பட்டாளத்துக்காரர் இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ மூணு வேலை. டிஸ்சார்ஜ் புக்கையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. நம்பர், பேர், குரூப், பதக்கம், பயிற்சி, மனைவி பேர், பிறந்த தேதி எல்லாத்தையும் ஆதாரோட ஒப்பிடுங்க. பெட்டியில இருக்கிற ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் ஸ்கேன் பண்ணுங்க.

திருத்தின புக் வந்த அன்னைக்கு நான் ஜேடர்பாளையத்துல இருந்தேன். பெரியப்பா கண்ணாடி போட்டு மெடல் வரியைப் படிச்சார். அப்புறம் பக்கத்தைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"எம் பேர்லயே ஒருத்தன் இருந்தானில்ல கண்ணு, ஒருவேளை அவன் புக்ல இந்தக் கோர்ஸ் ஏறியிருக்குமோ?"

"இருக்கலாமுங்க பெரியப்பா."

"அவனுக்காவது அதுல ஒரு வேலை கெடச்சிருந்தா சரி."

புக்கை மூடிப் பெட்டியில வச்சுட்டு, வாய்க்காலுக்குக் குளிக்கக் கிளம்பிட்டார்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.