மண்ணுக்கடியில் ஓர் உலகம் – 9: வேர் கேட்கும், இலைதான் தர வேண்டும்

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயறுவகைச் செடிக்கு உணவாக்கித் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேர்த்தூவிக்குள் நுழைந்த கதையைப் போன வாரமே முடித்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். அது குடியிருக்கும் வேர் முடிச்சுக்குள் வந்த பாக்டீரியாவை மெடிக்காகோ என்ற செடி தன் குட்டிப் புரதங்களால் மலடாக்கிவிடும் கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு சோயா செடி குறுக்கே வந்து நின்றுவிட்டது. மெடிக்காகோ அடுத்த வாரம்தான்.

மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் பயறுவகைச் செடி முடிச்சுப் போடாது. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு யாராவது உழைப்பார்களா? முடிச்சுக்குள் ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகும். அந்தச் செலவு முழுக்க இலை செய்த சர்க்கரையிலிருந்து போக வேண்டும்.

1985இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கேரல், மெக்நீல், கிரெஸ்ஹாஃப் ஆகிய மூவர் ஒரு வேலை செய்தார்கள். ‘பிராக்’ என்ற சோயா ரகத்தின் விதைகளை, மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் ரசாயனத்தில் நனைத்தார்கள். அவற்றின் வாரிசுகளை நைட்ரேட் ஊற்றியே வளர்த்தார்கள். பெரும்பாலான செடிகளின் வேர் வெறுமனே கிடந்தது. சிலவற்றைப் பிடுங்கினால் வேரே தெரியாத அளவுக்கு முடிச்சுகள்! ஆனால் செடி கொழிக்கவில்லை. வேர் குட்டையாகி, வளர்ச்சியும் குன்றிப்போயிருந்தது.

கோளாறு வேரில்தான் என்று நினைப்போம். ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். இலையோடு கூடிய சாதாரணத் தண்டைக் கோளாறான வேரின் மேல் ஒட்டினால் முடிச்சுகள் அடங்கிவிட்டன. கோளாறான தண்டைச் சாதாரண வேரின் மேல் ஒட்டினால், அதுவரை ஒழுங்காக இருந்த வேர் முடிச்சாகப் போட்டுத் தள்ளியது. இந்த வாரம் முழுக்க இதையேதான் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மண்ணையே பார்க்காத இலைதான் வேரில் எத்தனை முடிச்சு என்று தீர்மானிக்கிறது! சோறு வடிப்பவருக்குத்தானே பந்தியில் எத்தனை பேரை உட்காரவைக்கலாம் என்று தெரியும்.

பழுதான மரபணு எது என்று கண்டுபிடிக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 2003இல் அகப்பட்ட அந்தப் புரதத்துக்கு நார்க் என்று பெயர். செல்லின் வாசலில் நின்று செய்தி வாங்கும் ஏற்பிப் புரதம். அதன் பங்காளி ஒன்று, முடிச்சே போடாத அராபிடாப்சிஸ் செடியில் தண்டு நுனியின் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. பயறுவகைச் செடிகள் அந்தப் பழைய புரதத்தையே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டன. லோட்டஸ் ஜப்போனிக்கஸ் என்ற இன்னொரு பயறுவகைச் செடியில் இதன் இணையான ஹார்1 ஓராண்டு முன்பே பிடிபட்டிருந்தது.

இந்த ஏற்பி வாங்கும்படி வேரிலிருந்து மேலே போகும் செய்தி என்ன? 13 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்குப் புரதம், மேலே கொஞ்சம் சர்க்கரை ஒட்டியது. அது தண்ணீர் ஏறும் சைலம் வழியாக இலைக்குப் போய் ஹார்1ஐத் தொடுவதை 2013இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள்.

இலை பதிலுக்கு ‘நிறுத்து’ என்று ஒரு கட்டளை அனுப்பும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். 2018இல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. இன்னும் முடிச்சுப் போடாத பயறுவகைச் செடியில் இலை எப்போதும் ஒரு குட்டி ஆர்என்ஏவைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வேரில் முடிச்சைத் தடுக்கும் ஒரு புரதம் உருவாகாமல் அது பார்த்துக்கொள்கிறது. போதுமான பாக்டீரியா வந்துவிட்டது என்று தெரிந்ததும் இலை அனுப்புவதைக் குறைத்துவிடும். தடுக்கும் புரதம் தலைதூக்கும். புது முடிச்சு நின்றுபோகும். தடை ஆணை எதுவும் போடுவதில்லை, கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்தத் தடுப்புப் புரதத்துக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘டூ மச் லவ்’. அது கெட்டுப்போன செடி பாக்டீரியாவை வரம்பில்லாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறதாம். ஆய்வகத்திலும் குறும்புக்காரர்கள் இருக்கிறார்கள்.

‘முடிச்சு கூடினால் மகசூல் கூடாதா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. கான்பெரா செடிகளே சாட்சி.

உளுந்து, பச்சைப்பயறு போட்டிருப்பவர்கள் பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அப்படி இருக்கும் வயலில், நைட்ரேட்டைக் கூட்டி முடிச்சை அடக்கிவிடும் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.