விடை உண்டு, சுட்டியைத் தேடுவது எப்படி?

மாணவர்களே, 3 இன் எத்தனையாம் வலு 81 எனக் கேட்டால் உடனே 4 என்பீர்கள். எண் பெரிதானாலும் மடக்கை அட்டவணை கைகொடுக்கும். சுட்டி கூடக்கூட வலுவும் ஒழுங்காகக் கூடிச் செல்வதே அதற்குக் காரணம்.

இப்போது ஒரு சிறு மாற்றம். 3 இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 3 ஆற் பெருக்கி, 17 ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதுங்கள்.

3, 9, 10, 13, 5, 15, 11, 16, 14, 8, 7, 4, 12, 2, 6, 1

1 தொடக்கம் 16 வரை எல்லாம் ஒவ்வொரு தடவை வந்துள்ளன. இவற்றுள் எந்த இரண்டைப் பெருக்கி மீதி எடுத்தாலும் விடை இத்தொடைக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேர்மாறும் உண்டு. இத்தகைய தொடையைக் கணிதத்தில் கூட்டம் என்பர்.

மீதி 12 ஆவதற்குச் சுட்டி யாது? விடை உண்டு என்பது நிச்சயம். ஒருவர் விடையைத் தந்தால் சரிபார்ப்பதும் இலகு. ஆனால் தேடுவது கடினம். வரிசை ஏறியும் இறங்கியும் தாவுவதால், "12 கிட்டத்தட்ட இந்த இடத்தில் இருக்கும்" என்று ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் 13 ஆவது இடத்தில்தான் அகப்படும்.

டானியல் ஷாங்ஸ் 1971 இல் வெளியிட்ட அல்கோரிதம் இவ்வேலையைக் குறைக்கின்றது. முதலில் சுட்டி 0, 1, 2, 3 இற்குரிய மீதிகளான 1, 3, 9, 10 என்பவற்றைக் குறித்து வையுங்கள். சுட்டி 4 இற்குரிய மீதி 13. 13 × 4 = 52, மீதி 1; ஆகவே 13 இன் நேர்மாறு 4. எனவே 4 ஆற் பெருக்கும் ஒவ்வொரு முறையும் சுட்டி 4 ஆற் குறையும். (பலர் இங்கு 13 ஆற் பெருக்கிவிடுகின்றனர், சுட்டி குறையாமற் கூடிவிடும்.)

12 × 4 = 48, மீதி 14
14 × 4 = 56, மீதி 5
5 × 4 = 20, மீதி 3

3 நமது குறிப்பில் உண்டு. அதன் சுட்டி 1. மூன்று தடவை பெருக்கினோம். ஆகவே சுட்டி 3 × 4 + 1 = 13.

16 உறுப்புகளுக்கு 4 இன் அளவிலான படிகள், அதாவது வர்க்கமூலத்தின் அளவு. ஆனால் உறுப்புகளின் எண்ணிக்கை 600 இலக்கங்கள் கொண்டதாயின் வர்க்கமூலமே 300 இலக்கங்களாகும். எந்தக் கணினிக்கும் அது எட்டாது. இதைவிட வேகமான முறைகளும் பின்னர் வந்தன. அவையும் சாதாரணக் கணினியில் அந்த அளவுக்குப் போதவில்லை. 1976 இல் டிஃபியும் ஹெல்மனும் இந்தக் கடினத்தை நம்பியே, பிறர் கேட்கக்கூடிய தொடர்பிலும் இருவர் ஓர் இரகசிய எண்ணை உடன்பட்டுக்கொள்ளும் வழியைக் கூறினர். இலகுவான வழி இல்லவே இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை என்பதையும் கவனிக்க.

பயிற்சி: மீதி 7 ஆவதற்குரிய சுட்டியை இம்முறையிற் காண்க. (விடை: 11)